சத்தம் போடாத மண்

காலையில் எழுந்து காபியில் வாய் வைப்பதற்கு முன்னால் செண்பகவல்லி நான்காயிரம் பாம்புகளின் நாக்கைப் பார்த்தாக வேண்டும்.

முப்பத்தோரு வருடமாக இதுதான் வேலை. மணலேறியின் பழைய பள்ளிக்கூட மைதானத்தில் அவை வரிசை கட்டிக் காத்திருக்கும். செண்பகவல்லி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆ காட்டு" என்பாள். நான்காயிரம் வாயும் ஒரே நேரத்தில் பிளக்கும். அந்தக் காட்சியை முதல்முறை பார்த்த இளநிலைப் பொறியாளர் ஒருவர் மயங்கி விழுந்தார். எழுந்ததும் மீன்வளத் துறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

அவை இயந்திரப் பாம்புகள். ஏட்டில் 'மண்ணுளி' என்று பெயர். முழங்கை நீளம் இருக்கும். மண்ணுக்குள் புகுந்து ஒவ்வொரு மணலாக நக்கிக்கொண்டே போகும். எழுபத்தைந்து வருடத்துக்கு முன், மணலேறிக்கு வடக்கே இருந்த அணு உலை பிளந்துகொண்டபோது, சீசியம் என்கிற சரக்கு புகையோடு வந்து ஊர் முழுவதும் இறங்கியது. அது மழையில் கரைந்து மண்ணுக்குள் போய், களிமண்ணின் ஏடுகளுக்கு நடுவே காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பெருக்கினாலும் போகாது, கழுவினாலும் போகாது. மண்ணுளியின் நாக்கில் ஒரு நீலச்சாயம் உண்டு. அந்தச் சாயத்துக்கும் சீசியத்துக்கும் அப்படியொரு ஜாதகப் பொருத்தம், ஒட்டிக்கொண்டால் பிரியாது. நாக்கு நிறைந்தால் நாவல்பழம் தின்றதுபோல் கறுத்துவிடும். கறுத்த நாக்கைக் கழற்றி, மூன்று மைல் தள்ளியிருக்கும் ஈயக்கோட்டையில் பூட்டிவிட்டுப் புது நாக்கு மாட்டுவார்கள். குளத்துத் தண்ணீருக்கு வேறு ஏற்பாடு. அங்கே வடிசிப்பிகள். தண்ணீரில் கலந்த ஸ்ட்ரான்சியம் என்கிற இன்னொரு உலைச் சரக்கைச் சுண்ணாம்பு என்று நம்பி ஓட்டுக்குள் கட்டிக்கொள்ளும் வெள்ளந்திகள்.

அன்றைக்கு அவள் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை நடந்தாள். திரும்பவும் நடந்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் நடந்தாள். நான்காயிரம் நாக்கும் பளபளவென்று நீலமாகவே இருந்தன.

"நீளா, நேத்து யாருமே வேலைக்குப் போகலியாடா?"

நீளன் பாம்புகளின் தலைவன். பேசக்கூடியது அது ஒன்றுதான். அரசாங்கச் சுற்றறிக்கைகளைப் படித்தே தமிழ் கற்றது.

"அம்மையீர், அனைத்துப் பணியாளர்களும் பணிக்குச் சென்றனர். நக்குவதற்குரிய பொருள் யாதும் காணப்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளலாகிறது."

செண்பகவல்லி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது வயதில், இதே மைதானத்திலிருந்துதான் அவளைப் பேருந்தில் ஏற்றினார்கள். இப்போது எண்பத்து நான்கு. (ஓய்வு வயதைத் தொண்ணூறு ஆக்கிய காலம் அது. இளம் அதிகாரி என்றே அவளைச் சொல்லலாம்.) கதிர்மானியை எடுத்து மண்ணில் வைத்தாள். உலைச் சரக்கில் ஒரு துகள் இருந்தாலும் 'டிக்' என்று காட்டிக்கொடுக்கும் பெட்டி அது. அரைமணி நேரம் காது கொடுத்தாள். ஒரு டிக் இல்லை. அவள் வாழ்க்கையில் கேட்ட இனிமையான கச்சேரி அதுதான்.

ஆனால் மண் சுத்தமானால் மட்டும் போதாது. குடியேற்றச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. ஊர் திறந்து தொண்ணூறு நாளுக்குள் குறைந்தது நூறு குடும்பங்கள் வந்து அடுப்பு மூட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் விண்சரக்கு முற்றமாகிவிடும். அதாவது நிலாவுக்குப் போகிற சரக்குக் கப்பல்கள் வரிசையில் நிற்பதற்கான சிமெண்டுத் தரை.

"சிமெண்டு போடவா முப்பத்தோரு வருஷம் உங்களை நக்க வச்சேன்?" என்று நீளனிடம் கேட்டுவிட்டு, நிலாவுக்குத் தொலைபேசினாள்.

மணலேறிக்காரர்கள் ஊரை விட்டு ஓடி ஓடிக் கடைசியில் நிலாவில்தான் மொத்தமாகச் சேர்ந்திருந்தார்கள். முன்னூற்று நாற்பது குடும்பங்கள். பாறைக்கு அடியில் வீடு. தோசையைத் திருப்பிப் போட்டால் கூரையில் ஒட்டிக்கொள்ளும், அதை எடுக்க வீட்டுக்கு வீடு ஏணி. அவர்களுடைய ஊர்ச்சங்கத் தலைவர் கொம்பையா. அறுபது வயது. பிறந்ததே நிலாவில்தான். மணலேறியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால், முந்தாநாள்தான் அங்கே குளித்துவிட்டு வந்தவர்போல் பேசுவார்.

"எக்கா! மெய்யாவா சொல்லுதிய? ஒரு டிக்கு கூட இல்லியா?"

"இல்ல தம்பி. தொட்டில் பிள்ளையை மண்ணுல போட்டுப் புரட்டலாம்."

"வாரோம்! பங்குனி உத்திரத்துக்கு வாரோம்! மொத்தச் சனமும் வாரோம்! சாஸ்தா கூப்பிட்டாச்சுல்லா, இனி எவன் இந்தக் கல்லுல கெடப்பான்?"

சொன்னபடியே பங்குனி உத்திரத்தன்று காலையில் ஏழு கப்பல்கள் வந்து இறங்கின. நிலாவில் இறகுபோல் துள்ளிக்கொண்டிருந்தவர்கள், பூமியில் கால் வைத்ததும் ஆறு மடங்கு கனத்துப்போய் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் இடுப்பில் தாங்கு சட்டம் மாட்ட வேண்டியிருந்தது. கொம்பையாவின் மனைவி ஆவுடைத்தங்கம் தன் காதைத் தொட்டுப் பார்த்து, "மைனி, இங்க கம்மல் கூட இழுக்குதே!" என்று வியந்தாள். செண்பகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒவ்வொரு குடும்பத்துக் கையிலும் மஞ்சள் துணி சுற்றிய ஒரு செம்பு இருந்தது.

ஊர் வாசலில் இருந்த சோதனை வளைவு ஆளைச் சோதித்தது, பெட்டியைச் சோதித்தது, செருப்பின் அடிப்பாகத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தது. செம்பை மட்டும் தொடவில்லை. வழிபாட்டுப் பொருள்களைச் சோதிக்கக் கூடாது என்று விதி. அந்த விதியைப் போட்டது யார் என்று கேட்டால், பதினெட்டு வருடத்துக்கு முன், யாரும் மனம் புண்பட வேண்டாமே என்று செண்பகவல்லிதான்.

மணலேறி சாஸ்தாவுக்குக் கோயில் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வெட்டவெளியில் ஒரு கல்பீடம், பக்கத்தில் குளம். சனம் முழுவதும் அதைச் சுற்றி நின்றது. கொம்பையா செம்பின் துணியை அவிழ்த்தார். உள்ளே மண்.

செண்பகவல்லி செம்புக்குள் குனிந்து பார்த்தாள். "தம்பி, என்னது அது?"

"என்னக்கா கேள்வி? பிடிமண்ணு!"

குலசாமியை விட்டுத் தூரமாகக் குடிபோகிறவர்கள், பீடத்தடியில் ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்தால் அங்கேயும் சாமி வந்துவிடும். உலை பிளந்த மறுநாள், பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, அத்தனை குடும்பமும் ஓடிப்போய்ப் பீடத்தடியில் ஆளுக்கொரு பிடி அள்ளியிருக்கிறது. புகை இறங்கி இறுகிய முதல் நாள் மண்! ஊருக்குள் இருந்த ஒவ்வொரு மணலையும் நான்காயிரம் பாம்புகள் நக்கி முடித்தன. நக்காமல் விட்டது முன்னூற்று நாற்பது பிடி. அது நிலாவில், பூ போட்டு, விளக்கேற்றி, பத்திரமாக இருந்திருக்கிறது. எழுபத்தைந்து வருடத்தில் வீரியம் முக்கால்வாசிக்கு மேல் அடங்கிவிட்டது. ஆளைக் கொல்லுகிற அளவு இல்லை. ஊர் சுத்தம் என்கிற சான்றிதழைக் கொல்லத் தாராளமாகப் போதும்.

"கொட்டாதீய! கொட்டாதீய!" என்று அவள் ஓடுவதற்குள், "வந்த மண்ணு வந்த இடத்துல சேரட்டும் சாமி!" என்று கொம்பையா கவிழ்த்தார். அவர் பின்னால் முன்னூற்று முப்பத்தொன்பது செம்பும் கவிழ்ந்தன. கவிழ்ப்பதற்கு முன் ஆளாளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளவும் மறக்கவில்லை.

செண்பகவல்லியின் இடுப்பில் இருந்த கதிர்மானி, வறுபடும் கடலை வெடிக்கிற மாதிரிப் பொரிந்தது.

பிறகு நடந்ததை மணலேறிச் சனம் இன்னும் ஏழு தலைமுறைக்குச் சொல்லும். மூன்று வாரமாக நக்க ஒன்றுமில்லாமல் சும்மா கிடந்த பாம்புகள் அல்லவா? கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருந்தவர்கள்போல, நான்காயிரமும் தரையைப் பிளந்துகொண்டு வந்தன. பீடத்தைச் சுற்றி நீல நாக்குகளின் அலை. கொட்டிய மண்ணைப் புரட்டிப் புரட்டி நக்கின. தரையில் தீர்ந்ததும் தலையைத் தூக்கின. வாசனை நெற்றிகளில் இருந்தது. ஆள் ஆளாகத் தோளில் ஏறி, ஒவ்வொரு நெற்றியையும் துடைத்தெடுத்ததுபோல் நக்கிவிட்டு, பணிவாக இறங்கிப் போயின.

அடுத்த கணம் ஆவுடைத்தங்கம் குலவை போட்டாள் பாருங்கள், நிலாவுக்கே கேட்டிருக்கும்.

"சாஸ்தா பாம்பா வந்து நெத்தியில முத்தம் குடுத்துட்டாரு மைனி!"

"அது நம்ம நீளன்" என்று சொல்ல செண்பகவல்லி வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். கதிர்மானி மறுபடியும் ஊமையாகியிருந்தது. மண் சுத்தம். நெற்றி சுத்தம். செம்பின் உள்பக்கம்கூடச் சுத்தம். போனால் போகிறது, முத்தம் என்றே இருக்கட்டும்.

ஆபத்து, பொங்கல் சாப்பிட்டு முடித்த பிறகு வந்தது.

கொம்பையா, நிலாவிலிருந்து கொண்டுவந்த தன் வீட்டுக் கதிர்மானியை, சாமி படத்தைத் தூக்குவதுபோல் இரண்டு கையால் தூக்கி வந்து பீடத்தில் வைத்தார். எல்லோரும் கைகூப்பினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். பெட்டி பேசவில்லை. தட்டிப் பார்த்தார். இன்னொருவர் பெட்டியை வாங்கி வைத்துப் பார்த்தார். அதுவும் பேசவில்லை.

"சத்தத்தைக் காணுமே" என்றார் கொம்பையா. அவர் முகம் வெளிறிவிட்டது.

அப்போதுதான் செண்பகவல்லிக்கு விஷயம் விளங்கியது. நிலாவில் வீட்டுக்கு வீடு சுவரில் கதிர்மானி மாட்டியிருப்பார்கள். வானத்துக் கதிர் பாறைக்குள் கசிந்தால் எச்சரிப்பதற்காக. மற்றவர்கள் வீட்டில் அது சும்மா தொங்கும். மணலேறிக்காரர்கள் வீட்டில் மட்டும், கீழே பிடிமண் செம்பு இருக்கிற காரணத்தால், 'டிக்... டிக்டிக்... டிக்' என்று ஓயாமல் பேசும். வேறு எந்த ஊர்க்காரன் வீட்டுச் சாமியும் பேசாதபோது நம் சாமி மட்டும் பேசுகிறதென்றால்? பிள்ளைக்குப் பெண் பார்த்தால் செம்பின் முன்னால் நின்று கேட்பார்கள். மூன்று டிக் சேர்ந்து வந்தால் சம்மதம். ஒற்றை டிக் என்றால் தள்ளிப்போடு. கொம்பையாவின் கல்யாணமே அப்படி நிச்சயமானதுதான்.

"தம்பி, அது விஷத்தோட சத்தம்" என்றாள் செண்பகவல்லி. "அந்த டிக்குக்குப் பயந்துதான் உங்க தாத்தா ஊரை விட்டு ஓடுனாரு."

"அவரு ஓடுனது அவரு காலம். நாங்க அந்தச் சத்தத்துலதானக்கா வளந்தோம்? எங்கம்மா அதக் கேட்டுத்தான் எனக்குப் பேரு வச்சா. இப்போ என் சாமி ஊமையாட்டாரு. எங்க போனாருன்னு சொல்லுங்க!"

பொய் சொல்லத் தெரியாத நீளன் இடையில் தலையை நீட்டியது. "சேகரிக்கப்பட்ட பொருள் அனைத்தும் ஈயக்கோட்டையில் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்ளலாகிறது."

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே முன்னூற்று நாற்பது குடும்பங்களும் தாங்கு சட்டம் கிரீச்சிட ஈயக்கோட்டைக்கு நடந்தன. உலகத்திலேயே மனிதன் நெருங்கக் கூடாத இடம் என்று பன்னிரண்டு மொழியில் எழுதியிருந்த பலகைக்குச் சந்தனம் பூசி மாலை போட்டார்கள். வேலிக்கு வெளியே கூடாரம் முளைத்தது. இரண்டாவது வாரம் தேங்காய்க் கடை. நான்காவது வாரம் மொட்டை போடும் இடம். ஈயக்கோட்டைக்குள் இருக்கும் சாமியைக் காண முடியாது என்பதால் வேலியைச் சுற்றி வரிசை. வரிசை நீண்டதால் சீக்கிரம் போக ஒரு தனி வரிசை. மூன்று மைல் இந்தப் பக்கம், குழந்தையைப் போட்டுப் புரட்டக்கூடிய மண்ணும், கையால் அள்ளிக் குடிக்கக்கூடிய தண்ணீரும், புதிதாகக் கட்டிய முன்னூற்று நாற்பது வீடுகளும் ஈ காக்கை இல்லாமல் கிடந்தன.

செண்பகவல்லி நாள்தோறும் போய் விளக்கினாள். சீசியத்தைப் படம் போட்டுக் காட்டினாள். சனம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. "எல்லாம் சரிதான் மைனி" என்று ஆவுடைத்தங்கம் அவள் கையில் பிரசாதத்தை வைத்தாள். "உங்க மண்ணு சுத்தமான மண்ணுதான். யாரு இல்லன்னா? ஆனா அதுல சாமி இல்லியே. சாமி இல்லாத ஊருல எப்படி அடுப்பு மூட்ட?"

ஊர் திறந்து எண்பத்தேழாவது நாள் காலை. சிமெண்டுக் கலவை வண்டிகள் எல்லையில் வந்து நின்றுவிட்டன. செண்பகவல்லி நான்காயிரம் நாக்கைப் பார்த்துவிட்டு, பழுது பார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உடைந்த கதிர்மானி ஒன்றிலிருந்து ஒலிபெருக்கியைக் கழற்றினாள். சுண்டுவிரல் அளவு பேட்டரி ஒன்றை எடுத்தாள்.

நீளன் எட்டிப் பார்த்தது. "இதன் நோக்கம் யாதென அறியலாமா?"

"டிக்குன்னு சத்தம் போடணும்டா. ஆனா கடிகாரம் மாதிரி ஒரே சீரா இருக்கப்படாது. நினைச்சா அடிக்கணும், நினைச்சா நிறுத்தணும்."

"உலைத் துகள்களின் ஒழுங்கற்ற துடிப்பு. கணக்கீட்டைத் தருகிறேன்." நீளன் உள்ளே ஊர்ந்து வந்தது. "அம்மையீர், முப்பத்தோரு ஆண்டுகளாக இவ்வொலியை ஒழிக்கும் பணியில் நாம் ஈடுபட்டு வந்துள்ளோம் என்பதை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன்."

"தெரியும்டா."

"இது பொய்யாகாதா?"

செண்பகவல்லி திருகாணியை வாயில் கவ்வியபடியே சொன்னாள்: "விஷத்தை எடுத்துட்டோம்லா? சத்தம் மட்டுந்தான பாக்கி. அது இருந்துட்டுப் போவட்டும்."

மதிய வெயிலில் பீடத்துக்கு அடியில் நீளன் ஒரு வளை தோண்டி, அந்த டிக் கருவியை உள்ளே வைத்துவிட்டு வந்தது. அவள் ஈயக்கோட்டைக்கு ஆள் அனுப்பவில்லை. தானே போய்க் கொம்பையாவின் கூடாரத்தில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, பட்டும் படாமல், "பீடத்துப் பக்கம் என்னமோ சத்தம் கேக்குது தம்பி. எனக்கு வயசாச்சு, காது சரியில்ல. நீ ஒருக்கா வந்து பாரேன்" என்றாள்.

கொம்பையா வந்தார். பீடத்தில் காதை வைத்தார். டிக். டிக்டிக். டிக்டிக்டிக். கதிர்மானியை வைத்துப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. மாட்டிக்கொண்டோம் என்றே செண்பகவல்லி நினைத்தாள்.

கொம்பையாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"எக்கா... இத்தன வருஷமும் பொட்டி வழியா பேசுனவரு, சொந்த மண்ணுக்கு வந்ததும் நேரா வாயத் தொறந்து பேசுதாரே!"

தொண்ணூறாவது நாள், நூறு அல்ல, முன்னூற்று நாற்பது அடுப்பிலும் புகை எழுந்தது. சிமெண்டு வண்டிகள் வந்த வழியே திரும்பிப் போயின. ஊர் ஊரானது. கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் குழாயடியில் சண்டை வந்தபோதுதான் செண்பகவல்லிக்கு முழு நிம்மதி. நிலாவில் பிறந்த கால்கள் மெல்ல மெல்லத் தாங்கு சட்டத்தைக் கழற்றின. பெண் பார்க்கிறவர்கள் பீடத்தில் காது வைத்துக் கேட்டார்கள். மூன்று டிக் வரும்வரை உட்கார்ந்திருந்தால் எப்படியும் வந்துவிடும் என்பதால், அந்த வருடம் ஊரில் கல்யாணத்துக்குக் குறைவில்லை.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் முன்பு நீளன் வந்து நின்றது.

"அம்மையீர், பீடத்தடியிலுள்ள பேட்டரியின் ஆயுள் முடிவடைந்திருக்க வேண்டும்."

அவள் பதறிப்போய்ப் புதுப் பேட்டரியைச் சேலை முடிச்சில் கட்டிக்கொண்டு ஓடினாள். நல்ல வேளை, மத்தியானம். பீடத்துப் பக்கம் யாரும் இல்லை. நீளன் வளைக்குள் போய், கருவியை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி ஊதிப் பச்சை பூத்திருந்தது.

"எத்தனை நாளாச்சுடா இது செத்து?"

"உள்நினைவுப் பதிவின்படி, நூற்று நாற்பத்தொரு நாட்கள்."

செண்பகவல்லி விரலை விட்டு எண்ணினாள். நூற்று நாற்பத்தொரு நாளில் ஊரில் இருபத்திரண்டு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எல்லாம் மூன்று டிக்.

பின்னால் காலடி ஓசை கேட்டது. கருவியை அவசரமாகத் தலைப்பில் மறைத்தாள். ஆவுடைத்தங்கம் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள். நேராகப் பீடத்தில் காதை வைத்தாள். முகம் மலர்ந்தது.

"கேட்டியளா மைனி? உத்திரம் வருதுல்லா, அதான் இன்னைக்குச் சத்தம் பலமா இருக்கு."

செண்பகவல்லி அவளைப் பார்த்தாள். நீளனைப் பார்த்தாள். முடிச்சில் இருந்த புதுப் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, கல்லில் தன் காதை வைத்தாள். வெயில் குடித்த கல் கதகதவென்று இருந்தது. காதுக்குள் ஏதோ ஒன்று மெல்ல அடித்துக்கொண்டது. தன் ரத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருட அனுபவமுள்ள அதிகாரிக்குத் தெரியாதா?

"ஆமா" என்றாள். "நல்லாவே கேக்குது."

பேட்டரியை முடிச்சிலேயே இறுக்கிக் கட்டினாள். நிமிரும்போது வலது கை தானாகப் போய்க் கன்னத்தில் இரண்டு முறை போட்டுக்கொண்டது.